பேக்கப்பை ரெஸ்டோர் செய்ததும் நேரங்கள் மாறிவிட்டனவா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ரெஸ்டோர் ஒரு பிழையும் காட்டாமல் முடியும், ரெக்கார்டு எண்ணிக்கையும் பழைய சர்வரோடு ஒத்துப்போகும், எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அப்புறம் யாராவது வந்து, நேற்று ராத்திரி போட்ட ஆர்டர் இன்றைய தேதியில் நிற்கிறதே என்று கேட்பார்கள். டைம்ஸ்டாம்ப் (ரெக்கார்டில் பதிவாகும் தேதி-நேரம்) கோளாறு பெரும்பாலும் இப்படித் தாமதமாகத்தான் வெளியே வரும், அதற்குள் புது ரெக்கார்டுகளும் உள்ளே வந்து கலந்திருக்கும். மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் ஆகிய டேட்டாபேஸ்களில் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கிற கோளாறுகளை அறிகுறிவாரியாகக் கீழே தருகிறேன். எஸ்கியூஎல் சர்வருக்கே உரிய ஒன்று கடைசியில் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

நேரம் ஐந்தரை மணி பின்னால் போயிருக்கிறது என்று தெரிந்ததுமே எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: ஒரு அப்டேட் போட்டு எல்லாவற்றிலும் ஐந்தரை மணியைக் கூட்டிவிடுவோம். வேண்டாம். உள்ளே இருக்கும் மதிப்பு சரியாக இருந்து திரையில் காட்டுவது மட்டும் தப்பாக இருந்தால், நல்ல டேட்டாவை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். காரணம் தெரியாமல் இரண்டு தடவை கூட்டிக் கழித்த டேபிளைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

முதலில் நாலைந்து சாட்சி ரெக்கார்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று, நள்ளிரவுக்குப் பக்கத்தில் ஒன்று, நேரம் காலியாக இருக்கும் ஒன்று, வினாடிக்குக் கீழே பின்னம் வைத்திருந்தால் அதிலும் ஒன்று. இவற்றின் மதிப்பைப் பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் எடுத்து ஒப்பிட வேண்டும், ஆனால் தேதியாக எடுக்காதீர்கள், எண்ணாக எடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் யூனிக்ஸ்_டைம்ஸ்டாம்ப் என்ற ஃபங்ஷனும், போஸ்ட்கிரெஸ்ஸில் எக்ஸ்ட்ராக்ட் வழியாகக் கேட்கும் எபோக்கும், 1970 ஜனவரி 1 யுடிசியிலிருந்து (யுடிசி என்பது உலகப் பொது நேரம்) எத்தனை வினாடி என்ற எண்ணைத் தரும். அந்த எண் எந்த டைம்ஸோனுக்கும் வளைந்து கொடுக்காது. இரண்டு பக்கமும் எண் ஒன்றாக இருந்தால் டேட்டா நலம், காட்டும் இடத்தில்தான் பிரச்சினை. எண் வேறாக இருந்தால் உண்மையிலேயே மதிப்பு மாறியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: இது மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகைக்கும், போஸ்ட்கிரெஸ்ஸின் டைம்ஸோனுடன் கூடிய டைம்ஸ்டாம்ப் வகைக்கும் மட்டும்தான். மைஎஸ்கியூஎல் டேட்டைம் ஃபீல்டில் அதே ஃபங்ஷனைப் போட்டால், செஷனின் (அப்போதைய டேட்டாபேஸ் இணைப்பின்) டைம்ஸோனை வைத்துக் கணக்குப் போட்டுத் தரும், அதனால் மதிப்பு ஒன்றாக இருந்தும் எண் வேறாக வரலாம். டேட்டைம் ஃபீல்டுகளை எழுத்தாகவே ஒப்பிடுங்கள்.

பழைய சர்வர் இல்லையென்றால் டம்ப் ஃபைலே (டேட்டாபேஸை எழுத்தாக எடுத்து வைத்த பேக்கப்) சாட்சி. அதைத் திருத்தாமல் ஒரு நகல் எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, மேற்கொண்டு எல்லாச் சோதனைகளையும் தனியாக ஒரு காலி டேட்டாபேஸில் செய்யுங்கள்.

## அறிகுறி: எல்லா நேரமும் ஒரே அளவு நகர்ந்திருக்கிறது

மிக அதிகமாக வருவது இதுதான். ஐந்தரை மணி, எட்டு மணி, ஒரு மணி என்று ஏதோ ஒரு முழு வித்தியாசம், எல்லா ரெக்கார்டிலும் ஒரே மாதிரி.

### எண் ஒன்றாக இருந்தால்

புதிய சர்வரின் டைம்ஸோன் செட்டிங் பழையதிலிருந்து வேறு, அவ்வளவுதான். கன்டெய்னரில் ஏற்றிய டேட்டாபேஸ்கள் வழக்கமாக யுடிசியில்தான் எழுந்து நிற்கும், பழைய மெஷினோ உள்ளூர் நேரத்தில் ஓடியிருக்கும். மைஎஸ்கியூஎல்லில் குளோபல், செஷன் இரண்டு டைம்_ஸோன் மதிப்புகளையும் பாருங்கள். சிஸ்டம் என்று வந்தால் இயங்குதளத்தின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். போஸ்ட்கிரெஸ்ஸில் ஷோ டைம்ஸோன் போதும். ஆப் பக்கத்திலும் டேட்டாபேஸ் டிரைவருக்கென்று தனியாக ஒரு டைம்ஸோன் செட்டிங் இருக்கலாம், ஜாவா ஆப் என்றால் அதைக் கட்டாயம் பாருங்கள். டேட்டாபேஸ் கன்சோலில் சரியாகவும் ஆப்பில் மட்டும் தப்பாகவும் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸோனை ஊர்ப் பெயரால் செட் செய்யும்போது 1298 பிழை வந்தால், டைம்ஸோன் டேபிள்கள் ஏற்றப்படவில்லை என்று பொருள். அதற்கென்றே மைஎஸ்கியூஎல்லோடு ஒரு சிறிய கருவி வருகிறது, இயங்குதளத்தின் ஸோன் தகவலை எடுத்து எஸ்கியூஎல்லாக மாற்றித் தரும். ஒரு தடவை ஓட்டினால் போதும்.

### எண் வேறாக இருந்தால்

டம்ப் ஃபைலின் முதல் இருபது முப்பது வரிகளைத் திறந்து பாருங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் வழக்கமாக டைம்ஸ்டாம்ப் மதிப்புகளை யுடிசிக்கு மாற்றித்தான் எழுதும், ஃபைலின் தலையில் செட் டைம்_ஸோன் '+00:00' என்று ஒரு வரியும் போட்டுவிடும். அந்த வரி இருக்கும்வரை எந்த டைம்ஸோன் சர்வரில் ஏற்றினாலும் மதிப்பு நகராது. நகர்ந்திருக்கிறது என்றால் அந்த வரிக்கு ஏதோ ஆகிவிட்டது.

எப்படிப் போகும்? பெரிய டம்ப்பிலிருந்து ஒரே ஒரு டேபிளை மட்டும் வெட்டி எடுத்து ஏற்றுவோம், தலை வரிகள் கூடவே வராது. ஃபைலைப் பல துண்டாக உடைத்து இணையாக ஏற்றினாலும் இதே கதை, முதல் துண்டுக்கு மட்டும்தான் அந்த வரி கிடைக்கும். காம்பாக்ட் ஆப்ஷனில் எடுத்த டம்ப்பிலும் தலை வரிகளைத் தேடிப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றே: காலி டேபிளில், அந்த செட் வரியை நீங்களே துண்டின் மேலே எழுதிவிட்டு மறுபடி ஏற்றுவது.

இதற்கு நேர் எதிரானது, டம்ப் எடுக்கும்போதே டிஇசட்-யுடிசி ஆப்ஷனை ஸ்கிப் செய்துவிடுவது. அப்போது ஃபைலில் இருப்பது பழைய சர்வரின் உள்ளூர் நேரம், அது எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு எங்கேயும் இருக்காது. பழைய சர்வரின் டைம்ஸோன் என்ன என்று யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொண்டு, அதையே செஷனில் செட் செய்து ஏற்ற வேண்டும். ஊகித்து ஏற்றாதீர்கள். ஒப்பிட ஏதாவது வேண்டுமென்றால் வெப் சர்வர் லாக், அனுப்பப்பட்ட மின்னஞ்சல், பணம் கட்டிய ரசீது என்று டேட்டாபேஸுக்கு வெளியே பதிவான ஒரு நேரத்தைப் பிடியுங்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி_டம்ப் எடுத்தால் டைம்ஸோனுடன் கூடிய ஃபீல்டுகள் ஆஃப்செட்டோடு (யுடிசியிலிருந்து எத்தனை மணி தள்ளி என்ற குறிப்போடு) சேர்ந்தே எழுதப்படும், அதனால் இந்த வம்பு இல்லை. அங்கே நகர்ந்திருந்தால், யாரோ ஃபீல்டின் வகையை மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். டைம்ஸோன் இல்லாத ஃபீல்டில் '+00' என்று ஆஃப்செட்டோடு ஒரு நேரத்தைக் கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் அந்த ஆஃப்செட்டைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொள்ளும். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அதேபோல் டைம்ஸோன் இல்லாத ஃபீல்டை ஆல்டர் போட்டு டைம்ஸோன் உள்ளதாக மாற்றும்போது, யூசிங் பகுதியில் அட் டைம் ஸோன் என்று எந்த ஸோன் என்பதைச் சொல்லாவிட்டால், அந்த நேரத்தில் செஷன் எந்த ஸோனில் இருந்ததோ அதுதான் எடுத்துக்கொள்ளப்படும். அங்கே 'யுடிசி+5:30' என்று எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது: அந்த வடிவத்தில் கூட்டல் குறிக்கு கிரீன்விச்சுக்கு மேற்கே என்று அர்த்தம், நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் பதினோரு மணி நேர வித்தியாசத்தில் போய் நிற்பீர்கள். ஸோனின் முழுப்பெயரையே எழுதுங்கள்.

### சில ஃபீல்டு மட்டும் நகர்ந்திருந்தால்

மைஎஸ்கியூஎல்லில் ஒரே டேபிளில் உருவாக்கிய நேரம் டேட்டைமாகவும் திருத்திய நேரம் டைம்ஸ்டாம்ப்பாகவும் இருப்பது சகஜம். டைம்ஸ்டாம்ப் மட்டும்தான் ஸோன் மாற்றத்துக்கு உட்படும், டேட்டைம் எழுதியபடியே கிடக்கும். ஆகவே டைம்ஸ்டாம்ப் ஃபீல்டுகளை மட்டும் மேலே சொன்னபடி பாருங்கள். மொத்தமாக மணியைக் கூட்டும் அப்டேட் இங்கேதான் பெரிய நாசத்தைச் செய்யும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்? தப்பான ஸோனில் ஏற்றிய பிறகு சர்வர் சில மணி நேரமாவது ஓடி, பழைய ரெக்கார்டுகள் நகர்ந்தும் புதியவை சரியாகவும் ஒரே டேபிளில் கலந்துவிட்டால். ஐடி வரிசையை வைத்து எல்லையைப் பிரிக்கலாம்தான், ஆனால் பழைய ரெக்கார்டுகளைப் புதிதாகத் திருத்தியும் இருப்பார்கள், அவற்றைக் கண்டுபிடிக்க, நடந்த மாற்றங்களை டேட்டாபேஸ் பதிந்து வைக்கும் பைனரி லாக்கைத் தோண்ட வேண்டும். அது பழகியவர் செய்கிற வேலை. அவர் வரும்வரை லாக் ஃபைல்கள் தானாக அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

## அறிகுறி: எல்லா ரெக்கார்டிலும் ரெஸ்டோர் செய்த நேரமே நிற்கிறது

### ரெஸ்டோருக்குப் பிறகு ஓடிய ஸ்கிரிப்ட்

முதலில் சந்தேகப்பட வேண்டியது ரெஸ்டோரை அல்ல, அதற்கு அடுத்து ஓடியதை. சோதனை சர்வருக்கு டேட்டா எடுக்கும்போது இணைய முகவரியை மாற்றுவது, மின்னஞ்சல்களை மறைப்பது என்று ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுவார்கள். ஃபீல்டில் ஆன் அப்டேட் கரன்ட்_டைம்ஸ்டாம்ப் இருந்தால், அந்த அப்டேட் தொட்டு மதிப்பு மாறிய ஒவ்வொரு ரெக்கார்டிலும் இப்போதைய நேரம் விழும். டம்ப்பில் வரும் சாதாரண இன்சர்ட் மதிப்போடு வருவதால் இதனால் பாதிக்கப்படாது. தீர்வு எளிது: அந்த அப்டேட்டிலேயே, திருத்திய நேரத்தின் ஃபீல்டை அதன் மதிப்புக்கே சமம் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள், மைஎஸ்கியூஎல் கை வைக்காது. ஏற்கெனவே இருக்கும் டேபிளின் மேல் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் போட்டு ஏற்றுகிறவர்களும் நேர ஃபீல்டை அந்தப் பட்டியலில் சேர்க்க மறந்தால் இதே விளைவுதான்.

### ஃபீல்டே ஃபைலில் இல்லை, அல்லது காலியாக இருக்கிறது

சிஎஸ்வி வழியாக ஏற்றும்போது நேர ஃபீல்டை விட்டுவிட்டால் டீஃபால்ட் வந்து உட்காரும், டீஃபால்ட் இப்போதைய நேரம். ஃபைலின் தலைப்பு வரியையும் டேபிளின் ஃபீல்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத நிலை) இருந்த இடங்களில் மட்டும் இப்போதைய நேரம் வந்திருந்தால் அது வேறு. மைஎஸ்கியூஎல்லில் எக்ஸ்ப்ளிசிட்_டீஃபால்ட்ஸ்_ஃபார்_டைம்ஸ்டாம்ப் என்று ஒரு செட்டிங் உண்டு. 8.0.2க்கு முந்தைய பதிப்புகளில் அது ஆஃபில்தான் வரும். ஆஃபில் இருந்தால், நல் ஏற்கும் என்று வெளிப்படையாகச் சொல்லாத டைம்ஸ்டாம்ப் ஃபீல்டில் நல் கொடுத்தால் இப்போதைய நேரத்தை எழுதிவிடும். கையால் எழுதிய டேபிள் அமைப்பில் டேட்டாவை மட்டும் ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். டேபிள் அமைப்பையும் டம்ப்பிலிருந்தே எடுத்தால் நல் என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்.

### டிரிகர்

முழு டம்ப்பை ஏற்றினால் டிரிகர்கள் (டேபிளில் மாற்றம் வரும்போது தானாக ஓடும் கட்டளைகள்) டேட்டாவுக்குப் பிறகுதான் உருவாகும், குறுக்கே வராது. டிரிகர் ஏற்கெனவே இருக்கும் டேபிளில் டேட்டாவை மட்டும் ஏற்றும்போதுதான் ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் அது ஓடும். போஸ்ட்கிரெஸ்ஸில் டேட்டா-ஒன்லி ரெஸ்டோரோடு டிசேபிள்-டிரிகர்ஸ் ஆப்ஷனைச் சேர்க்கலாம், சூப்பர்யூசர் அனுமதி வேண்டும். செஷன்_ரெப்ளிகேஷன்_ரோல் என்பதை ரெப்ளிகா என்று வைத்தும் செய்யலாம். ஆனால் ஞாபகம் இருக்கட்டும், இவை ஃபாரின் கீ சோதனைகளையும் சேர்த்தே தூங்க வைத்துவிடும். மைஎஸ்கியூஎல்லில் டிரிகரைத் தற்காலிகமாக நிறுத்த நேரான வழி இல்லை, அதன் வரையறையைச் சேமித்துவிட்டு டிராப் செய்து, ஏற்றி முடித்ததும் திரும்ப உருவாக்குங்கள்.

ஆப்பின் இம்போர்ட் பக்கம் வழியாக ஏற்றினீர்கள் என்றால் மேலே உள்ள எதுவும் பொருந்தாது. ஆப் ஒவ்வொரு ரெக்கார்டையும் புதிதாகச் சேமிப்பதாக நினைத்துத் தானே நேரத்தைப் போட்டிருக்கும். நேராக டேட்டாபேஸில் ஏற்றுங்கள்.

இந்த அறிகுறியில் பழைய மதிப்பு டேபிளில் எங்கேயும் மிச்சமிருக்காது. மூல டம்ப் இருந்தால் மறுபடி ஏற்றலாம், நேரத்தை மட்டும் பிரைமரி கீ வழியாகப் பொருத்தி எடுத்துக்கொள்ளலாம். மூல டம்ப்பும் போய்விட்டது என்றால் இன்றே சர்வரை எழுத முடியாதபடி நிறுத்திவிட்டு, ரெப்ளிகாவோ (நகல் சர்வர்) பைனரி லாக்கோ டிஸ்க் ஸ்னாப்ஷாட்டோ இருக்கிறதா என்று தேடத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: வருடத்தின் பாதி மட்டும் ஒரு மணி நேரம் தப்பு

ஜனவரி சாட்சி சரி, ஜூலை சாட்சி ஒரு மணி பிசகு. கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிற நாட்டின் டேட்டா இது, ஊர்ப் பெயருள்ள ஸோனுக்குப் பதிலாக '-05:00' போன்ற நிலையான ஆஃப்செட்டை யாரோ போட்டிருக்கிறார்கள். ஸோன் பெயரைப் போட்டு மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் முடிந்தது. அப்படியும் சில வருடங்கள் மட்டும் பிசகினால் இரண்டு சர்வர்களிலும் ஸோன் தகவல் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், நாடுகள் இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகின்றன.

சரிசெய்யவே முடியாத ஒரு மணி நேரமும் உண்டு. நியூயார்க்கில் 2024 நவம்பர் 3 அன்று அதிகாலை 1 முதல் 2 வரையான மணி இரண்டு தடவை வந்தது. ஆஃப்செட் இல்லாமல் உள்ளூர் நேரமாக எழுதிய டம்ப்பில் 1:30 என்று இருந்தால் அது முதல் 1:30 ஆ இரண்டாவதா என்று ஃபைலை வைத்துச் சொல்ல முடியாது. வரிசை எண்ணும் வெளி லாக்கும்தான் கை கொடுக்கும். அந்த ரெக்கார்டுகள் பணம் அல்லது சட்டம் சம்பந்தப்பட்டவை என்றால் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், கணக்குத் தணிக்கை பார்ப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ரெஸ்டோர் பாதியில் மைஎஸ்கியூஎல் பிழை 1292 அல்லது 1067 என்று நிற்கிறது

இதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், தப்பான மதிப்பைச் சத்தமில்லாமல் ஏற்றாமல் நின்றிருக்கிறதே. பிழைச் செய்தியில் வரும் மதிப்பை வைத்துப் பிரித்துவிடலாம்.

'0000-00-00 00:00:00' என்று வந்தால் பழைய காலத்து பூஜ்ய தேதி. மைஎஸ்கியூஎல் 5.7 முதல் ஸ்ட்ரிக்ட் மோடும் (தப்பான மதிப்பை ஏற்க மறுக்கும் செட்டிங்) நோ_ஸீரோ_டேட்டும் இயல்பாகவே ஆனில் இருப்பதால் தடுக்கிறது. மைஎஸ்கியூஎல்டம்ப் எடுத்த முழு ஃபைல் தன் தலையிலேயே எஸ்கியூஎல்_மோடை மாற்றிக்கொள்ளும், ஆகவே இங்கேயும் தலை வரிகள் தொலைந்த துண்டு ஃபைலோ, வேறு கருவியில் எடுத்ததோதான் வழக்கமான குற்றவாளி. ஏற்றும் செஷனில் மட்டும் மோடைத் தளர்த்தி ஏற்றிவிட்டு, பிறகு அந்தத் தேதிகளை நல் (NULL) ஆக மாற்றுவதா என்று யோசியுங்கள். சர்வர் முழுக்க ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். ஃபைலில் தேடி மாற்றும் குறுக்கு வழியும் வேண்டாம், தேதி அல்லாத எழுத்துகளுக்குள்ளும் அது போய்விடும்.

2038 ஜனவரி 19க்குப் பிந்தைய தேதி என்றால் டைம்ஸ்டாம்ப் வகையின் எல்லை, யுடிசிப்படி 03:14:07 வரைதான். காலாவதியே ஆகாது என்பதற்கு 9999 என்று போட்டிருந்த டேட்டைம் ஃபீல்டை டைம்ஸ்டாம்ப்பாக மாற்றிய டேபிளில் இது வரும். மரியாடிபி 11.5 முதல் 64 பிட் சர்வர்களில் எல்லை 2106 வரை நீண்டிருக்கிறது, அங்கிருந்து மைஎஸ்கியூஎல்லுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஃபீல்டை டேட்டைமாக வைப்பதுதான் வழி.

மார்ச் மாதத்து அதிகாலை 2 மணி சொச்சம் என்றால், உதாரணமாக 2024 மார்ச் 10 02:30, நியூயார்க் ஸோனில் அப்படி ஒரு நேரமே கிடையாது, கடிகாரம் 2லிருந்து 3க்குத் தாவிவிட்டது. டேட்டா யுடிசியில் இருக்க, செஷன் உள்ளூர் ஸோனில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல துப்பு கிடையாது. மோடைத் தளர்த்தி இதைத் தாண்டினால் மற்ற எல்லா ரெக்கார்டும் நகர்ந்துதான் ஏறும், நேராக முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள்.

1067 பிழை டீஃபால்ட் மதிப்பில் வந்து, அது '1970-01-01 00:00:01' என்றால் செஷன் யுடிசிக்குக் கிழக்கே இருக்கிறது. செஷனை '+00:00' ஆக்கினால் ஏறிவிடும்.

## அறிகுறி: நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன

சிஎஸ்வியில் மட்டும் வரும். 12க்கு மேற்பட்ட நாட்கள் பிழை காட்டும், 12 வரையானவை அமைதியாக மாறிப்போகும், அதனால் பாதி பிழையை மட்டும் திருத்தி நிறுத்திவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் டேட்ஸ்டைல் என்ற தேதி வரிசை செட்டிங்கைப் பாருங்கள், முடிந்தால் மூலத்திலிருந்தே ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எடுத்து மறுபடி ஏற்றுங்கள்.

## அறிகுறி: வினாடியின் பின்னம் போய்விட்டது, அல்லது நேரம் ஒரு வினாடி முன்னே போய்விட்டது

சிஎஸ்வியை யாராவது எக்ஸெல்லில் திறந்து சேமித்தார்களா என்று முதலில் கேளுங்கள். மில்லிவினாடி உள்ள நேரத்தை எக்ஸெல் நிமிடம், வினாடி என்று சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் தேதியே போய்விடும். அடுத்து, இடையில் ஓடிய ஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் மில்லிவினாடியோடு நின்றுவிடும், மைக்ரோவினாடி அங்கேயே உதிரும்.

கடைசியாக ஃபீல்டின் துல்லியம். மைஎஸ்கியூஎல்லில் அடைப்புக்குள் 6 என்று சொல்லாத டேட்டைமுக்குப் பின்னம் கிடையாது, வருவதை வெட்டாமல் முழு வினாடிக்கு ரவுண்டு செய்யும். மாதக் கடைசி நாளில் 23:59:59.999999 என்று இருந்தது அடுத்த மாதம் 1ஆம் தேதியாகிவிடும், மாதக் கணக்கு இடிக்கும். 8.0.1 முதல் டைம்_ட்ரன்கேட்_ஃபிராக்ஷனல் என்ற மோட் இருக்கிறது, அதைப் போட்டால் வெட்டும். ஃபீல்டையே 6 துல்லியத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுவது இன்னும் நல்லது. எஸ்கியூஎல் சர்வரின் டேட்டைம் .000, .003, .007 என்ற படிகளில்தான் நிற்கும், டேட்டைம்2க்கு மாறுங்கள்.

## அறிகுறி: சில ரெக்கார்டுகளே வரவில்லை, அல்லது தப்பான கணம்வரை ரெஸ்டோர் ஆகியிருக்கிறது

ஒரு நாளின் ரெக்கார்டுகளை மட்டும் வேர் (WHERE) நிபந்தனை கொடுத்து மைஎஸ்கியூஎல்டம்ப் எடுத்திருந்தால், அந்த நிபந்தனையும் யுடிசியில்தான் மதிப்பிடப்படும். டைம்ஸ்டாம்ப் ஃபீல்டில் உள்ளூர் நள்ளிரவைக் கொடுத்தால் ஒரு ஓரத்தில் சில மணி நேர ரெக்கார்டுகள் விடுபடும், மறு ஓரத்தில் வேண்டாதவை வரும். எல்லையை யுடிசியில் கணக்கிட்டுக் கொடுங்கள்.

மைஎஸ்கியூஎல்பின்லாகில் ஸ்டாப்-டேட்டைம் கொடுக்கும்போது விதி வேறு: அந்தக் கட்டளையை எந்த மெஷினில் ஓட்டுகிறீர்களோ அந்த மெஷினின் உள்ளூர் நேரம் எடுத்துக்கொள்ளப்படும். போஸ்ட்கிரெஸ்ஸின் ரெக்கவரி_டார்கெட்_டைமில் ஆஃப்செட்டையும் சேர்த்தே எழுதுங்கள். டேபிளை டிராப் செய்த கணத்துக்கு முன்னால் நிறுத்தப் பார்க்கிறீர்கள், லாக் முழுசாக இருக்கிறதா என்று உறுதியில்லை என்றால் முதல் முயற்சியையே அனுபவமுள்ளவர் கையில் விடுங்கள்.

## அறிகுறி: எஸ்கியூஎல் சர்வரில் டைம்ஸ்டாம்ப் ஃபீல்டு முழுக்க வேறாகிவிட்டது

கவலைப்பட வேண்டாம், அதில் நேரமே இல்லை. அங்கே டைம்ஸ்டாம்ப் என்பது ரோவெர்ஷனுக்கு இன்னொரு பெயர், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் 8 பைட் எண். ஸ்கிரிப்டாக எடுத்து இன்சர்ட் செய்தால் புது எண்தான் விழும், நீங்களாக மதிப்பைக் கொடுக்கவும் முடியாது. முழு பேக்கப்பை ரெஸ்டோர் செய்தால் பழைய எண்களே வரும். வேறு சிஸ்டம் ஏதாவது அந்த எண்ணை வைத்து எது மாறியது என்று பார்த்துக்கொண்டிருந்தால், ஸ்கிரிப்ட் வழியாக ஏற்றிய பிறகு அதற்கு முதலிலிருந்து ஒரு முழு சிங்க் ஓட்டிவிடுங்கள்.